நிரம்பும் முன்பே அடுத்த தளம்: வளரும் ஊரின் குப்பைக்கு இடம் கணக்கிடுதல்

குப்பை கொட்ட இடம் பற்றிய பேச்சு நம் நகர்மன்றங்களில் பெரும்பாலும் ஏக்கரில் தொடங்கி ஏக்கரிலேயே முடிந்துவிடும். இருபது ஏக்கர் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது. நாற்பது கிடைத்தால் அடுத்த தலைமுறைக்கும் கவலையில்லை என்று தீர்மானம் நிறைவேறும். அந்த நிலம் எந்த ஆண்டில் நிரம்பும், அதற்கு எத்தனை ஆண்டு முன்னால் அடுத்த இடத்துக்கான வேலையைத் தொடங்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளும் அந்தத் தீர்மானத்தில் இடம்பெறுவதில்லை. குப்பைத் தளத்தின் கொள்ளளவை ஆண்டுகளில் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால், அடுத்த தளத்துக்கான முடிவை இப்போதைய தளம் பாதியைத் தாண்டும் கட்டத்திலேயே எடுக்க வேண்டியிருக்கும். இந்த அத்தியாயம் சொல்வது இதைத்தான். பாதி காலியாக இருக்கும் தளத்தைப் பார்த்துக்கொண்டே புதிய தளத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்வது மன்றத்தில் எளிதில் எடுபடாது. அதனால்தான் கணக்கு தேவைப்படுகிறது.

கணக்கைத் தள்ளிப்போட்ட ஊர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது பதிவாகியிருக்கிறது. டெல்லியின் காஜிப்பூர் குப்பைத் தளம் 1984-இல் தொடங்கியது. 2002-லேயே அதன் கொள்ளளவு முடிந்துவிட்டது. மாற்று இடம் தயாராக இல்லாததால் லாரிகள் அங்கேயே வந்துகொண்டிருந்தன. 2017 செப்டம்பர் 1 அன்று அந்தக் குப்பை மலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு குடியிருப்புகள் மீது சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பின் பழைய கிடங்கு மூடப்பட்டபோது அடுத்த தளம் ஆயத்தமாக இல்லாததால் மீதொட்டமுல்லைக்குத் திருப்பிவிடப்பட்ட குப்பை அது. சென்னையில் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே விரிந்தது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்திலிருந்து பழைய குப்பையைத் தோண்டி அகற்ற இன்று பெரும்பொருள் செலவாகிறது. இவற்றோடு சிங்கப்பூரை ஒப்பிடலாம். அங்கே லோரோங் ஹாலுஸ் கிடங்கு 1999 மார்ச் 31 அன்று மூடப்பட்டது; கடலில் கல்லணை எழுப்பி உருவாக்கிய செமாகாவ் தளம் மறுநாளே இயங்கத் தொடங்கியது. முன்னவை மூன்றும் ஓர் இடம் தீர்ந்த பிறகு அடுத்ததைத் தேடிய, அல்லது தேடாமலே விட்ட ஊர்கள். சிங்கப்பூர் பழையதில் இடம் இருந்தபோதே அடுத்ததைக் கட்டி முடித்தது.

எத்தனை பேர், எவ்வளவு குப்பை

கணக்கின் முதல் எண் மக்கள்தொகை. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய எண்ணும் அதுதான். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பல திட்ட அறிக்கைகள் 2011-ஆம் ஆண்டு எண்ணை எடுத்து, பழைய வளர்ச்சி வீதத்தில் நீட்டி எழுதுகின்றன. வேகமாக வளரும் ஊருக்கு இது பொருந்தாது. சொத்துவரிக் கேட்பு எண்கள், வீட்டு மின் இணைப்புகள், குடிநீர் இணைப்புகள், குடும்ப அட்டைகள் ஆகிய நான்கும் ஆண்டுதோறும் எவ்வளவு கூடுகின்றன என்று பார்த்தால் உண்மையான வளர்ச்சி தெரியவரும். நான்கும் ஒரே வீதத்தைக் காட்டவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். வாடகை வீடுகளில் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடும்ப அட்டைக் கணக்கில் வர மாட்டார்கள், ஆனால் அவர்களும் சமைக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள். பழனி, திருச்செந்தூர், வேளாங்கண்ணி போன்ற ஊர்களில் வந்துபோகும் கூட்டமும் சேரும். திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு சேரும் குப்பையை ஊர் மக்களின் தலைக்கணக்கால் விளக்க முடியாது.

எல்லை விரிவாக்கம் இதைவிடப் பெரிய கேள்வி. 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. இப்படிப்பட்ட இணைப்பு நடக்கும் நாளில் மக்கள்தொகை ஒரே அரசாணையில் பல மடங்கு கூடிவிடும். புதிதாக வந்த பகுதிகளுக்கெனத் தனித் தளம் இருப்பது அரிது. எனவே ஊர் எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணாமல், அடுத்த இருபது ஆண்டுகளில் எல்லைக்குள் வரக்கூடிய சுற்றுக் கிராமங்களையும் தனிப் பட்டியலாக எண்ணி வைக்க வேண்டும். அவை இணைந்தால் ஒரு கணக்கு, இணையாவிட்டால் இன்னொரு கணக்கு என இரண்டும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது தலைக்கு எவ்வளவு குப்பை என்பது. இந்தியாவின் சிறு ஊர்களில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 300 கிராமும், பெருநகரங்களில் 400 முதல் 600 கிராமும் வருவதாகப் பொதுவாகக் கொள்வார்கள். ஊர் வளர வளர இந்த அளவும் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கூடும். புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எடைமேடையில் பருவத்துக்கு ஒரு முழு வாரம் எடை போட்டுப் பார்ப்பது நல்லது. கோடையில் இளநீர்க் கூடும் பலாத்தோலும் குவியும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் தெருவெங்கும் கிடக்கும். மழைக்காலத்தில் அதே குப்பை தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். ஒரே ஒரு மாதத்தின் எடையை வைத்து ஆண்டுக் கணக்கு போட்டால் அது எந்தப் பக்கமும் பிசகலாம்.

இப்போது ஒரு கற்பனை நகராட்சியை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 2 லட்சம், தலைக்கு 350 கிராம். ஆக நாளுக்கு 70 டன், ஆண்டுக்கு 25,550 டன். இந்த அளவு மாறாது என்று வைத்தால் இருபது ஆண்டுக்கு 5.11 லட்சம் டன். ஆனால் மக்கள்தொகை ஆண்டுக்கு 3 சதவீதமும், தலைக்கான குப்பை 1.3 சதவீதமும் கூடினால், இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 4.3 சதவீத வளர்ச்சி. இருபது ஆண்டுக் கூட்டுத்தொகை 7.88 லட்சம் டன் ஆகிவிடும். இருபதாம் ஆண்டில் நாளுக்கு 157 டன் வரும். வளர்ச்சியைக் கணக்கில் எடுக்காமல் ‘இருபது ஆண்டுத் தளம்’ என்று கட்டியது பதினைந்தாம் ஆண்டு முடிவதற்குள் நிரம்பிவிடும். யாரும் தவறாக இயக்காமலேயே ஐந்து ஆண்டுகள் காணாமல் போகும்.

எடையிலிருந்து கன அளவுக்கு

குப்பை டன்னில் வருகிறது. தளமோ கனமீட்டரில் நிரம்புகிறது. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. சக்கர அழுத்த இயந்திரத்தால் மெல்லிய அடுக்குகளாக நசுக்கினால் ஒரு கனமீட்டரில் சுமார் 0.85 டன் அடங்கும் என்று வடிவமைப்பில் கொள்வது வழக்கம். பொக்லைனால் தள்ளிவிட்டுப் போனால் அந்த அளவு வராது, 0.6 டன்னில் நின்றுவிட்டால் அதே குப்பைக்கு நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல் இடம் வேண்டும். இன்னொரு தளம் தேடும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல அழுத்த இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் கொள்ளளவு. ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில் மட்டும் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் இந்த விஷயத்தைக் கவனிக்காது. ஒவ்வோர் ஆண்டும் நில அளவை செய்து, கொட்டிய டன்னை நிரம்பிய கனமீட்டரால் வகுத்து, கிடைத்த அடர்த்தியோடு பணத்தை இணைக்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

குப்பை மட்டுமே இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு நாளும் கொட்டியதன் மேல் 10 சென்டிமீட்டர் மண் அல்லது இடிபாட்டுத் தூள் பரப்ப வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் அடுக்கும் அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும், மூடும்போது மேலே களிமண், வடிகால், செடி வளரும் மண் என மூன்று அடுக்குகள். தோராயத் திட்டத்துக்கு இந்தியப் பொறியாளர்கள் கையாளும் வழி இது: குப்பையின் கன அளவோடு தினசரி மண்ணுக்கு 10 சதவீதம் கூட்டுங்கள், அடி விரிப்புக்கும் மேல் மூடிக்கும், உயரம் 10 மீட்டர் என்றால் 25 சதவீதமும் 20 மீட்டர் என்றால் 12.5 சதவீதமும் கூட்டுங்கள்; மக்கும் குப்பை நாளடைவில் அமுங்குவதற்காக 10 சதவீதம் கழியுங்கள். நம் கற்பனை நகராட்சி தன் குப்பை முழுவதையும் புதைத்தால் 7.88 லட்சம் டன்னுக்கு 9.27 லட்சம் கனமீட்டர். இந்தக் கூட்டல் கழித்தலுக்குப் பின் சுமார் 11.6 லட்சம் கனமீட்டர். சராசரி உயரம் 10 மீட்டர் என்றால் 11.6 ஹெக்டேர், சாலை, எடைமேடை, குப்பையிலிருந்து வடியும் கசிவுநீருக்கான தொட்டி, அலுவலகம் இவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 33 ஏக்கர். பக்கச் சரிவுக்கும் சுற்றிலும் விட வேண்டிய இடைவெளிக்கும் இதற்கு மேல் வேண்டும்.

உயரத்தைக் கூட்டினால் நிலம் குறையுமே என்று தோன்றும், குறையவும் செய்யும். ஆனால் உயரம் கூடக் கூடச் சரிவின் உறுதி, கசிவுநீர், வாயு ஆகிய மூன்றும் கடினமாகும். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் ஊர்களில், நனைந்த குப்பையின் சரிவுதான் முதலில் பெயரும். எந்த உயரம் வரை போகலாம் என்பதை மண் பரிசோதனையின் அடிப்படையில் வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தளம் நிரம்பும் கட்டத்தில் ‘இன்னும் ஐந்து மீட்டர்’ என்று மன்றம் தீர்மானிக்கக் கூடாது. காஜிப்பூர் உயர்ந்தது அப்படித்தான், ஆண்டுக்கு ஆண்டு.

பிரித்தெடுப்பதை எவ்வளவு நம்பலாம்

புதைக்காத ஒவ்வொரு டன்னும் கொள்ளளவுதான். மக்கும் குப்பை உரமாகி, காகிதமும் பிளாஸ்டிக்கும் மறுசுழற்சிக்குப் போய், கட்டட இடிபாடுகள் தனியே கையாளப்பட்டால், தளத்துக்கு வரும் அளவு பாதிக்கும் கீழே இறங்கும். 60 சதவீதம் தளத்துக்கு வராமல் தடுத்தால், நம் கற்பனை நகராட்சிக்கு 7.88 லட்சம் டன்னுக்குப் பதில் 3.15 லட்சம் டன் போதும். மக்கும் பொருள் குறைந்த குப்பை அதிகம் அமுங்காது என்பதால் அமுங்குவதற்காகக் கழிக்கும் அளவை 5 சதவீதமாக வைத்தாலும், மொத்தம் சுமார் 4.8 லட்சம் கனமீட்டர். 33 ஏக்கர் 14 ஏக்கருக்குள் அடங்கிவிடும். தளத்தில் புதைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே போதுமான நியாயம்.

சிக்கல் அந்த 60 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. பல திட்ட அறிக்கைகளில் அது இலக்கு. அளந்து கண்ட எண் இல்லை. 60 சதவீதத்தை நம்பி 3.15 லட்சம் டன்னுக்குத் தளம் கட்டிவிட்டு, நடைமுறையில் 30 சதவீதமே பிரிந்தால், அது இருபது ஆண்டுக்குப் பதில் பதினான்காம் ஆண்டிலேயே நிரம்பும். பிரிப்பதே நடக்காவிட்டால் பத்து ஆண்டுதான். ஆகவே கொள்ளளவுக் கணக்கில் கடந்த இரண்டு ஆண்டுகளில் எடைமேடையில் நிரூபணமான வீதத்தை மட்டும் பயன்படுத்துங்கள். உரக்கூடத்துக்குள் போன எடையை வைத்து வீதத்தைக் கணக்கிடக் கூடாது. அங்கிருந்து உரமாகி வெளியே விற்பனைக்கோ வயலுக்கோ போனதையும், தளத்துக்கே திரும்பி வந்த மிச்சத்தையும் எழுதிக் கழித்த பிறகே வீதம் வரும். நிரூபணமான வீதம் உயரும்போது கணக்கைத் திருத்தித் தளத்தின் ஆயுளை நீட்டிக்கொள்ளலாம். இலக்கை அடைந்துவிட்டதாக முன்கூட்டியே எழுதிவிட்டால், திருத்துவதற்கு வாய்ப்பு தளம் நிரம்பிய பிறகுதான் கிடைக்கும்.

எப்போது தேடத் தொடங்குவது

புதிய தளம் ஒன்று தயாராக எவ்வளவு காலம் ஆகும்? நிலத்தடி நீர்மட்டத்தைக் கோடையிலும் மழையிலும் பார்க்க ஓராண்டு வேண்டும். களிமண் அடுக்கின் அடிப்பகுதிக்குக் கீழே குறைந்தது 2 மீட்டர் ஆழத்தில்தான் நீர்மட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் என்ற தூர வரம்புகளை வரைபடத்தில் போட்டால், ஏரியும் குளமும் நிறைந்த மாவட்டங்களில் மிஞ்சும் இடம் சொற்பம். பிறகு நில மாற்றம், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்பு, சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் எனக் குறைந்தது இரண்டு ஆண்டு. ஒப்பந்தப்புள்ளிக்கு ஓராண்டு. களிமண் அடுக்கையும் விரிப்பையும் மழையில்லாத மாதங்களில்தான் பதிக்க முடியும், அதற்கும் ஓராண்டு. எல்லாம் தடையின்றி நடந்தால் ஐந்து ஆண்டு. வழக்கு, தேர்தல், நிதித் தாமதம் இவற்றுக்கு இரண்டு ஆண்டு சேர்த்து, ஏழு ஆண்டு என்று திட்டத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இந்த ஏழு ஆண்டை நம் கற்பனை நகராட்சியின் தளத்தில் பொருத்திப் பாருங்கள். இருபது ஆண்டுத் தளத்தில் பதிமூன்றாம் ஆண்டு முடியும்போது தேடல் தொடங்க வேண்டும். அந்த நாளில் தளம் எவ்வளவு நிரம்பியிருக்கும்? ஆண்டுக்கு 4.3 சதவீத வளர்ச்சியில், 55 சதவீதம்தான். ஆணையரும் உறுப்பினர்களும் தளத்தைச் சுற்றிப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி இடம் காலியாகத் தெரியும். பதிமூன்று ஆண்டு ஓடியும் பாதிதானே நிரம்பியிருக்கிறது, இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் தாங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் மிச்சமிருப்பது ஏழே ஆண்டு. வளரும் ஊரில் முதல் பாதி நிரம்ப எடுத்துக்கொண்ட காலம் இரண்டாம் பாதிக்குக் கிடைப்பதில்லை. ஒரே கொள்ளளவுள்ள நான்கு பகுதிகளாக அந்தத் தளத்தைப் பிரித்தால், முதல் பகுதி 6.8 ஆண்டு தாங்கும், இரண்டாவது 5.3, மூன்றாவது 4.3, நான்காவது 3.6 ஆண்டுதான். கண்ணால் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறும் இடம் இது. மீதமுள்ள கனமீட்டரைக் கடந்த ஆண்டின் வரத்தால் வகுத்து ‘மீதமுள்ள ஆண்டுகள்’ என்று எழுதும் வழக்கமும் இதே தவறைச் செய்கிறது. இனி வரப்போகும், ஆண்டுதோறும் கூடும் வரத்தைக் கொண்டு கணக்கிட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

எழும் மறுப்புகள்

இருபது ஆண்டுக்கு முன்கூட்டியே மக்கள்தொகையைச் சொல்ல யாரால் முடியும், கணிப்பு பொய்த்தால் கட்டிய தளம் வீண்தானே என்பது நியாயமான கேள்வி. கணிப்பு நிச்சயம் பிசகும். அதற்காகத்தான் நிலத்தையும் கட்டுமானத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலத்தை முழு இருபது அல்லது இருபத்தைந்து ஆண்டுக்கும் ஒரே முறை ஒதுக்கி, சுற்றிலும் வீடு முளைக்காமல் காத்து, கட்டுவதைப் பகுதி பகுதியாகச் செய்யலாம். 2016 விதிகளும் தளம் 20 முதல் 25 ஆண்டு தாங்க வேண்டும் என்றும் பகுதிகளாக உருவாக்க வேண்டும் என்றும் சேர்த்தே கூறின. செமாகாவில் முதல் கட்டத்தின் அறைகள் நிரம்பிவந்தபோது, 2015-இல் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டது. வளர்ச்சி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் அடுத்த பகுதியைத் தாமதமாகக் கட்டலாம். கூடினால் முன்னதாகக் கட்டலாம். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பரப்பு சிறிதாக இருப்பதால் மழைநீர் உள்ளே இறங்கிக் கசிவுநீராவதும் குறையும். பெரிய குழி ஒன்றை வெட்டி வைத்தால் குப்பையைக் குறைக்க யாரும் முயல மாட்டார்கள் என்ற அச்சத்துக்கும் இதுவே பதில்.

எரித்து மின்சாரம் எடுத்தால் தளமே தேவையில்லை என்பது இரண்டாவது மறுப்பு. எரிப்பதில் உலகுக்கு முன்னோடியான ஊர்களில் ஒன்று சிங்கப்பூர். எரித்தால் குப்பையின் கன அளவு பத்தில் ஒரு பங்காகிறது. அந்தச் சாம்பலும் எரிக்க முடியாதவையும் செமாகாவுக்கே போகின்றன. 350 ஹெக்டேரில் 6.3 கோடி கனமீட்டர் கொள்ளளவோடு கட்டப்பட்ட அந்தத் தளமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்து, புதைக்கும் அளவைத் தலைக்கு 30 சதவீதம் குறைக்க அந்நாட்டு அரசு 2019-இல் இலக்கு வைத்தது. எரிப்பு ஆயுளை நீட்டும், தளத்தை ஒழிக்காது. நம் ஊர்களின் குப்பையில் பாதி அளவு ஈரமான உணவுக் கழிவு. தனியே பிரிக்காமல் எரித்தால் அந்த ஈரத்தை உலர்த்தவே வெப்பம் செலவாகும்.

மூன்றாவது மறுப்பு பயோமைனிங் பற்றியது. பழைய கிடங்கைத் தோண்டிச் சலித்தால் அந்த நிலமே திரும்பக் கிடைக்கிறதே, புதிதாக ஏன் தேட வேண்டும்? பழைய குப்பையை அகற்றுவது அவசியம்தான். ஆனால் கிடைக்கும் நிலம் தளத்துக்கு ஏற்றதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். பழைய கிடங்குகள் பலவும் ஏரிக்கரையிலும் தாழ்நிலத்திலும் உள்ளவை. இன்றைய தூர வரம்பும் நீர்மட்ட விதியும் அவற்றை ஏற்காது. பள்ளிக்கரணையில் மீட்ட நிலத்தைச் சதுப்பு நிலத்துக்கே திருப்பித் தருவதுதான் முறை. கைவிட்ட கல்குவாரியில் கொட்டலாம் என்ற யோசனையும் இதே சோதனையில் தோற்கும். பாறை வெடிப்புகள் வழியே கசிவுநீர் சுற்றுக் கிணறுகளுக்குப் போய்ச் சேரும். தோண்டி எடுத்ததைச் சலித்தபின் மிஞ்சும் எதற்கும் பயன்படாத பகுதிக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அது கொள்ளளவுக் கணக்கில் ஒரு வரியாக ஏற வேண்டும்.

எந்தக் கிராமமும் ஒப்புக்கொள்ளாது என்பது கடைசி மறுப்பு, வலுவானதும் இதுதான். பக்கத்து ஊரின் குப்பையைத் தன் கிணற்றருகே வாங்கிக்கொள்ள யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை. விரிப்பும் வேலியும் இல்லாத கிடங்குகளைப் பார்த்து வளர்ந்த மக்கள், புதியது வேறுவிதமாக இருக்கும் என்ற வாக்குறுதியை நம்பாததில் தவறு சொல்ல முடியாது. அவசரம் இந்த அவநம்பிக்கையைப் பெருக்குகிறது. பழைய இடம் நிரம்பி, லாரிகள் தெருவில் நிற்கும் நாளில் தேடினால், எதிர்ப்பு எங்கே குறைவோ அங்கே, அதாவது ஏழை ஊரின் பக்கம், தளம் போய் விழும். ஏழு ஆண்டு கையில் இருந்தால் மூன்று நான்கு இடங்களை ஒப்பிட்டு, ஆய்வு முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டி, கிணற்று நீரைத் தளம் வருவதற்கு முன்பே சோதித்துப் பதிவு செய்து, அந்தக் கிராமத்துக்குக் குடிநீரும் சாலையும் முதலில் தர முடியும். தற்போதைய தளத்தை ஒழுங்காக நடத்துவது இதைவிடப் பெரிய சான்று. புதிய ஊரார் போய்ப் பார்க்கப்போவது அதைத்தான். 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே வட்டாரத் தளம் அமைக்க விதிகள் வழிகாட்டுகின்றன. பத்து பேரூராட்சிகள் பத்து மோசமான கிடங்குகளை நடத்துவதைவிட, செலவைப் பகிர்ந்து ஒன்றை நன்றாக நடத்துவது எளிது. அப்போது எந்த உள்ளாட்சி எத்தனை டன் அனுப்பலாம் என்ற ஒதுக்கீடும், மிஞ்சினால் கட்டணமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வளரும் ஊர் மற்றவர்களின் ஆண்டுகளைத் தின்றுவிடும்.

மன்றம் செய்ய வேண்டியது

இவ்வளவும் ஒரு பக்கத் தீர்மானத்தில் அடங்கும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தளத்தை ட்ரோன் மூலமோ நில அளவைக் கருவியாலோ அளந்து, மீதமுள்ள கனமீட்டர், கிடைத்த அடர்த்தி, எடைமேடையில் நிரூபணமான பிரிப்பு வீதம், மின், குடிநீர் இணைப்புகளின் வளர்ச்சி வீதம் ஆகிய நான்கையும் பொறியாளர் மன்றத்தின் முன் வைக்க வேண்டும். இவற்றிலிருந்து மீதமுள்ள ஆண்டுகளை நடுத்தர வளர்ச்சிக்கும் வேகமான வளர்ச்சிக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். வேகமான வளர்ச்சியின் விடை ஏழு ஆண்டுக்குக் கீழே இறங்கினால், யாருடைய விருப்பு வெறுப்புக்கும் காத்திராமல் இடத்தேர்வுக் குழு அமைந்து, அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். வெள்ளமும் புயலும் ஒரே வாரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் குப்பைக்கு ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க வேண்டும்; 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னைத் தெருக்களில் குவிந்த மெத்தைகளையும் மரச்சாமான்களையும் எந்தத் தினசரிக் கணக்கும் எதிர்பார்க்கவில்லை. தளம் மூடிய பிறகும் குறைந்தது பதினைந்து ஆண்டு கசிவுநீரையும் வாயுவையும் கண்காணிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அப்போது அந்தத் தளத்தால் வருமானம் எதுவும் இருக்காது என்பதால், இன்று கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகையை வேறெதற்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கில் போட்டு வர வேண்டும்.

இந்தத் தீர்மானத்தில் ஏழு என்ற எண் ஊருக்கு ஊர் மாறலாம். புறம்போக்கு நிலம் கையில் உள்ள ஊருக்கு ஐந்து போதும். கடலும் மலையும் ஏரியும் நெருக்கும் ஊருக்குப் பத்தும் வேண்டியிருக்கும். எந்த எண்ணானாலும் அது தளம் திறக்கும் நாளிலேயே எழுதப்பட்டு, வாயிற்பலகையில் மீதமுள்ள ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கட்டும். இரண்டு எண்களும் நெருங்கும்போது கேள்வி கேட்பதற்கு மக்களுக்கு வேறு ஆவணம் தேவைப்படாது; பதில் சொல்ல வேண்டிய மன்றத்துக்கும் இன்னும் சில ஆண்டுகள் மிச்சமிருக்கும்.